ஓய்வும் உழைப்பே

நுழையும்முன்

மிகுதியான நேரம் உழைத்தால் மிகுதியான பயன் விளையும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், மனிதர் களைப்படைவர், நோயுறுவர், கவலையால் கவனம் சிதறுவர். உழைப்பவரின் உடல்நலனும் உளநலனும் உற்பத்தியோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைத் தொழில் வரலாறு பல சான்றுகளால் காட்டுகிறது. அச்சான்றுகளை எடுத்துரைத்து, ‘நலன் என்பது ஆதாயத்துக்கான வழிமட்டும்தானா?’ என்னும் வினாவையும் எழுப்புகிறது இப்பாடம்.

நிற்கும் கால்கள்

நகரங்களின் பெரிய துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பொருள் வாங்க வருவோர் அமர்வதற்கு மெத்தை தைத்த இருக்கைகள் வரிசையாக இருக்கும். அவர்கள்முன் புடவைகளை விரித்துக் காட்டும் பணியாளர், காலையில் கடை திறந்தது முதல் இரவு மூடும்வரை பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பார். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அவர் அமர்தல் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது. பணியாளர் அமர்ந்திருந்தால் அவர் சோம்பியிருப்பதாகத் தோன்றும் என்பதே அவ்விதிக்குச் சொல்லப்பட்ட காரணம்.

நெடுநேரம் அசையாது நிற்கும்போது கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பிச் செல்வது கடினமாகிறது. நடக்கும்போது சுருங்கி விரிந்து இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளும் கெண்டைக்கால் தசைகள், நிற்கும்போது அப்பணியைப் போதிய அளவில் செய்வதில்லை. அதனால் பாதங்கள் வீங்குகின்றன. காலின் சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. இடுப்பிலும் முதுகிலும் வலி நிலைகொள்கிறது. கழிப்பறைக்குச் செல்ல இசைவு எளிதில் கிட்டாத இடங்களில், பெண் பணியாளர்கள் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். அது சிறுநீர்த்தொற்றுக்கு வழிவகுக்கிறது.

இந்நிலைக்கு எதிரான குரல் கேரளத்தின் கோழிக்கோட்டில் உரத்து எழுந்தது. அங்குள்ள மிட்டாய்த் தெருவின் கடைகளில் பணியாற்றிய பெண்கள், ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டனர். கழிப்பறை வசதியும் அமரும் உரிமையும் அவர்களுடைய கோரிக்கைகள். அவற்றின் விளைவாக 2018 ஆம் ஆண்டில் கேரள அரசு கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. பணிநேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்க நேராதவாறும், வாய்ப்பு கிடைக்கும்போது அமர்ந்துகொள்ளும் வகையிலும் ஒவ்வொரு நிறுவனமும் தகுந்த இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம்.

தெரிந்து தெளிவோம்

நின்றபடி பணிசெய்யும் ஆலைத் தொழிலாளருக்கு அமரும் வசதி செய்துதர வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே (பிரிவு 44) விதித்திருந்தது. கடைப் பணியாளர் அதே வசதியைத் தமிழ்நாட்டில் சட்டத்தின் வழியாகப் பெறுவதற்கு மேலும் 73 ஆண்டுகள் ஆயின.

களைப்பின் கணக்கு

ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் கூலி, வாடகை, மின்கட்டணம், மூலப்பொருள் ஆகியவை செலவாகப் பதிவாகும். களைப்பு எந்தப் பத்தியிலும் பதிவாவதில்லை. ஆயினும் அது வேறு பெயர்களில் செலவாகிக்கொண்டே இருக்கிறது. தவறாகத் தைக்கப்பட்டுப் பிரிக்க நேரும் சட்டை, எடை பிழையாகிப் போன பொட்டலம், கவனம் சிதறிய நொடியில் இயந்திரத்தில் சிக்கிய விரல், முன்னறிவிப்பின்றி எடுக்கப்படும் விடுப்பு, பணியை விட்டு விலகியவரின் இடத்துக்கு வரும் புதியவரைப் பழக்கும் காலம் ஆகிய அனைத்தும் களைப்பின் மறைமுகச் செலவுகளே. ‘எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?’ என்பது பழமொழி. பணியாளரின் வலி கணக்கேட்டுக்குத் தெரிவதில்லை. அதன் விளைவு மட்டும் ஆண்டிறுதியில் இழப்பாக வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் வாகன ஆலை இவ்விழப்பைக் கண்கூடாக உணர்ந்தது. 1913 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேர் தேவைப்பட்ட அந்த ஆலை, அந்த எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்ள 50,000 பேருக்கும் மேல் பணியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஓயாது நகரும் தொடர்வரிசையில் ஒரே செயலை நாள்முழுதும் செய்யும் சலிப்பைத் தாங்காமல் தொழிலாளர் வந்த வேகத்திலேயே விலகினர். 1914 சனவரியில் ஹென்றி ஃபோர்டு பணிநேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்து, தகுதிபெற்ற தொழிலாளரின் நாள் வருவாயை 5 டாலராக உயர்த்தினார். அதன்பின் பணிவிலகலும் விடுப்பும் பெருமளவு குறைந்தன.

உள்ளத்தின் களைப்பும் இக்கணக்கில் அடங்கும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் உலக அளவில் 1,200 கோடி பணிநாள்கள் இழக்கப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பணியிடத்துக்கு வந்தும் உள்ளம் ஓய்ந்துபோய் இருப்போரின் இழப்பை வருகைப் பதிவேடு ஒருபோதும் காட்டுவதில்லை.

நியூ லானார்க்கின் பாடம்

தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில் பிரித்தானியப் பஞ்சாலைகளில் குழந்தைகளும் நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணிநேரம் உழைத்தனர். 1800 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையின் நிருவாகத்தை ஏற்ற இராபர்ட் ஓவன், அந்நாளைய வழக்கத்துக்கு மாறான பாதையில் நடந்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரைப் பணியில் சேர்ப்பதை நிறுத்தினார், பணிநேரத்தைக் குறைத்தார், தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்படுத்தினார், தரமான பொருள்களைக் குறைந்த விலையில் விற்கும் கடையைத் தொடங்கினார். 1816 இல் அவர் திறந்த கல்விக்கூடத்தில் மழலையருக்கும் இடமிருந்தது.

அமெரிக்கப் பருத்தியின் வரவு தடைப்பட்டபோது ஆலை நான்கு மாதங்கள் இயங்கவில்லை. அக்காலம் முழுவதும் தொழிலாளருக்கு ஓவன் முழுக்கூலி வழங்கினார். அதுவரை அவரை ஐயத்தோடு நோக்கிய தொழிலாளரின் நம்பிக்கையை அச்செயலே பெற்றுத்தந்தது. இத்தனை செலவுக்குப் பின்னும் ஆலை ஆதாயத்தோடு இயங்கியது. உயிரற்ற இயந்திரங்களைத் துடைத்து எண்ணெயிட்டுப் பேணும் முதலாளிகள், உயிருள்ள இயந்திரங்களைப் பேண மறப்பது ஏன் என்று அவர் பிற ஆலை உரிமையாளரை நோக்கி வினவினார். நியூ லானார்க் இன்று யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

ஒன்பதும் எட்டும்

ஓவனின் செயல் அறத்தின் வழிப்பட்டது. அதனை அளந்து காட்டியவர், செருமனியின் ஜெனா நகரைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபே. நுண்ணோக்கிகளுக்குப் புகழ்பெற்ற சைஸ் ஒளியியல் ஆலையின் பொறுப்பில் இருந்த அவர், 1900 ஆம் ஆண்டில் நாள்தோறும் 9 மணியாக இருந்த பணிநேரத்தை 8 மணியாகக் குறைத்தார்.

நேரம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும்போது, முன்னைய அளவு உற்பத்தியைத் தக்கவைக்க ஒவ்வொரு மணியிலும் 12.5 விழுக்காடு கூடுதலாக உற்பத்தி செய்தாக வேண்டும். அது நிகழுமா என்பதே கேள்வி. செய்யும் உருப்படிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலிபெற்ற 233 தொழிலாளரின் கணக்குகளை அபே ஒப்பிட்டார். உருப்படிக்கான கூலி வீதம் மாறாதிருக்க, அவர்கள் ஒரு மணிநேரத்தில் ஈட்டிய தொகை ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்ந்திருந்தது. எட்டு மணிநேர உற்பத்தி, ஒன்பது மணிநேர உற்பத்தியைவிட 3 விழுக்காட்டுக்கும் சற்று மிகுதியாக இருந்தது.

இதற்கு அபே தந்த விளக்கம் எளிமையானது. அன்றாட உழைப்பால் உண்டாகும் களைப்பு, அன்றைய ஓய்வாலும் உணவாலும் உறக்கத்தாலும் முழுமையாக நீங்க வேண்டும். சிறிதளவு களைப்பு எஞ்சி மறுநாளுக்குச் சென்றாலும், அது நாளுக்குநாள் சேர்ந்து உடலின் ஆற்றலை அரித்துவிடும். அன்றன்று அடைபடாத கடனின் வட்டி, முதலோடு சேர்ந்து வளர்வதைப் போன்றது இது.

போர்க்கால ஆலைகள்

முதல் உலகப்போரின்போது பிரித்தானிய வெடிமருந்து ஆலைகளில் ஆண்களும் பெண்களும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வின்றி உழைத்தனர். நாட்டின் வெற்றி குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்தமையால், நேரத்தைக் குறைப்பது நாட்டுக்கே கேடு என்று பலரும் கருதினர். 1915 இல் அரசு அமைத்த வெடிமருந்துத் தொழிலாளர் நலக்குழு, உற்பத்திக் கணக்குகளை ஆராய்ந்து, ஞாயிறு விடுமுறையை மீட்கவும் பணிநேரத்தைக் குறைக்கவும் பரிந்துரைத்தது.

அக்குழு திரட்டிய தரவுகளைப் பொருளியல் அறிஞர் ஜான் பென்காவெல் மீண்டும் ஆராய்ந்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணிநேரம்வரை உழைப்பு நேரத்துக்கேற்ப உற்பத்தி பெருகியது. அதன்பின் ஒவ்வொரு கூடுதல் மணியின் பயனும் சுருங்கியது. 70 மணிநேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணிநேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இடைப்பட்ட 14 மணிநேர உழைப்பு, உடலை வருத்தியதன்றி வேறு பயன் விளைக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

வாரத்துக்கு 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவான பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,45,000 பேர் உயிரிழந்தனர் என உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து மதிப்பிட்டுள்ளன. மிகையுழைப்பால் நேரும் இறப்பைக் குறிக்க ஜப்பானிய மொழியில் ‘கரோஷி’ என்னும் தனிச்சொல்லே உண்டு.

சென்னையில் எழுந்த குரல்

ஐரோப்பாவில் அறிஞர்கள் களைப்பை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் தொழிலாளர் அதனைத் தம் வாயால் உரைத்தனர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நண்பகல் உணவுக்கு அளிக்கப்பட்டது அரைமணி நேரமே. ஆயிரக்கணக்கானோர் கைகழுவி, உண்டு, மீண்டும் இயந்திரத்தின்முன் நிற்க அந்நேரம் போதவில்லை. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். தமிழ்த்தென்றல் திரு.வி.க. சங்கப்பணியில் முன்னின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. சில நிமிட உணவு இடைவேளை என்னும் சிறிய கோரிக்கை அச்சங்கத்தின் தொடக்கக்காலக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1923 இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்னும் வரம்பையும் வார விடுமுறையையும் உறுதிசெய்தது. தொடர்ந்து ஐந்து மணிநேரத்துக்கு மேல் உழைக்க நேராதவாறு குறைந்தது அரைமணி நேர இடைவேளை, 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம், பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றையும் அது விதித்தது.

உறக்கமும் ஒளியும்

அண்மைக்கால ஆய்வுகள் நலனின் நுட்பமான கூறுகளையும் அளந்து காட்டுகின்றன. பெங்களூருப் பகுதியின் ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளுக்கு மாற்றாக எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரத்தைச் சேமிக்க உதவும் அவ்விளக்குகள் வெப்பத்தையும் குறைவாகவே உமிழ்ந்தன. கோடைநாள்களில் வெப்பத்தால் சரியும் தையல் தொழிலாளரின் செயல்திறன், விளக்குகள் மாற்றப்பட்டபின் முன்போல் சரியவில்லை. தலைக்குமேல் எரியும் விளக்கின் சூடும் உற்பத்தியைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

மற்றோர் ஆய்வு சென்னையில் நடைபெற்றது. குறைந்த வருவாய் உடைய 452 பேர் கணினியில் தரவுகளைப் பதிவுசெய்யும் பணியில் அமர்த்தப்பட்டனர். இரவில் எட்டு மணிநேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உறங்கியது ஐந்தரை மணிநேரமே. வெப்பமும் இரைச்சலும் கொசுக்கடியும் அவர்களுடைய உறக்கத்தை அடிக்கடி கலைத்தன. கண்மறைப்பு, காதடைப்பு போன்றவற்றைத் தந்து இரவு உறக்கத்தை 27 நிமிடங்கள் கூட்டியபோதும், பணித்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. துண்டுதுண்டாகக் கலைந்த உறக்கத்தில் சில நிமிடங்கள் கூடியதால் பெரிய பயன் விளையவில்லை. மாறாக, பணியிடத்தில் பிற்பகலில் பெற்ற சிறுதுயில் அவர்களுடைய கவனத்தையும் மனநிறைவையும் பணித்திறனையும் உயர்த்தியது.

இவ்வாய்வின் மற்றொரு முடிவும் கருதத்தக்கது. வெறும் இடைவேளை எடுத்தவரைவிடத் துயின்றவர் மேம்பட்டனர். ஆனால், அந்நேரத்திலும் தொடர்ந்து உழைத்தவரோடு ஒப்பிட்டால், துயின்றவரின் நாள் வருவாய் சற்றுக் குறைவே. துயிலுக்குச் செலவான நேரத்தை, கூடிய பணித்திறன் முழுமையாக ஈடுசெய்யவில்லை. 2021 இல் வெளியான இம்முடிவு, உழைப்போர் நலன் பற்றிய மிக முதன்மையான வினாவுக்கு வழிதிறக்கிறது.

ஆதாயத்துக்கு அப்பால்

நலன் பேணினால் உற்பத்தி பெருகும் என்பதற்கு மேற்கண்ட சான்றுகள் பல. எனினும் ஒவ்வோர் ஓய்வும் உடனே ஆதாயமாக மாறிவிடுவதில்லை. உற்பத்தி பெருகும் என்பதற்காக மட்டும் இருக்கை அளிக்கும் நிறுவனம், உற்பத்தி பெருகவில்லை எனில் அவ்விருக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். பணியாளரின் நலனை ஆதாயத்தின் துலாத்தட்டில் மட்டும் நிறுத்தால், தட்டு தாழும் நாளில் நலனும் கைவிடப்படும். அதனால்தான் அமரும் உரிமையும் உணவு இடைவேளையும் பணிநேர வரம்பும் முதலாளியின் விருப்பத்துக்கு விடப்படாமல் சட்டங்களாயின. 2022 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பும் நலமும் உடைய பணிச்சூழலை உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆதாயம் தருமா என்னும் கேள்விக்கு அப்பாற்பட்டது அடிப்படை உரிமை.

சட்டம் இயற்றப்படுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இருக்கை வைக்கப்பட்டும் அதில் அமர்ந்தால் மேலாளர் சினப்பார் என்று பணியாளர் அஞ்சினால், அவ்விருக்கை இருந்தும் இல்லாததே. நலன் என்பது பொருள்களால் மட்டும் அமைவதன்று. தம் குறையைச் சொல்லும் துணிவும் அதனைக் கேட்கும் செவியும் சேர்ந்தே அது அமைகிறது. வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, தக்கவரை ஆராய்ந்து பணியில் அமர்த்தும் முறையை உரைத்தார். அவ்வாறு அமர்த்தப்பட்டவரை நம்பி மதிப்பது, அமர்த்தியவரின் கடமையாகும்.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு. கடைக்குள் நுழைகையில் அமர்ந்திருக்கும் பணியாளரைக் கண்டு முகம் சுளிக்காதிருப்பதே அப்பங்கின் தொடக்கம். வாடிக்கையாளரின் மனக்குறைக்கு அஞ்சியே பல உரிமையாளர் பணியாளரை நிற்க வைக்கின்றனர். அவ்வச்சம் நீங்கினால் சட்டப்புத்தகத்தில் உள்ள இருக்கை கடைத்தளத்துக்கு விரைந்து வந்துசேரும். அமர்ந்து இளைப்பாறும் சில நிமிடங்கள், அடுத்துச் செய்யவிருக்கும் வேலைக்கான ஆயத்தம். அந்நிமிடங்களையும் உழைப்பின் பகுதியாகக் கருதும் சமூகமே உழைப்பவரை மனிதராக மதிக்கும் சமூகம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு கடை அல்லது தொழிற்கூடத்தின் பணியாளருக்குக் கிடைக்கும் இருக்கை, குடிநீர், இடைவேளை, கழிப்பறை வசதிகளைப் பற்றி அவர்களிடம் கேட்டறிந்து அட்டவணையாகத் தொகுக்க.

2. ‘பணியாளர் நலனுக்குச் செய்யும் செலவு முதலீடே’, ‘பணியாளர் நலன் உரிமையே’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. தமிழ்நாட்டில் 2021 இல் கடைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவின் சாரம் யாது?

2. களைப்பின் மறைமுகச் செலவுகளுள் இரண்டினைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. எர்ன்ஸ்ட் அபே பணிநேரத்தைக் குறைத்ததன் விளைவைக் கணக்கீட்டுடன் விளக்குக.

2. ‘எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?’ – இப்பழமொழி பாடப்பகுதியில் பொருந்துமாற்றை எழுதுக.

நெடுவினா

‘நலனை ஆதாயத்தின் துலாத்தட்டில் மட்டும் நிறுக்கலாகாது’ என்னும் கருத்தைச் சென்னை ஆய்வின் முடிவுகளோடு பொருத்தி ஆராய்க.